தாளில் ஏறும் முகம்



சொந்த ஊரை விட்டு வேறு மாநிலங்களில் வாழும் நம்மவர் வீடுகளுக்குள் நுழைந்ததும், கூடத்துச் சுவரில் பெரும்பாலும் ஒரே வகையான காட்சியைக் காணலாம். ஒரு நாட்காட்டி இருக்கும். குலதெய்வத்தின் படம் இருக்கும். அதற்கு அருகில், மாலையிட்டோ இடாமலோ, ஊரிலிருக்கும் அல்லது இருந்த பெரியவர் ஒருவரின் படம் இருக்கும். அந்தப் பெரியவரை நாம் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோதான் நேரில் கண்டிருப்போம். அதுவும் பண்டிகை நாளில், பயணக் களைப்போடு போய்ச் சேர்ந்த பிறகு, பொழுது சாய்ந்து விளக்கேற்றிய வேளையில்தான் அருகே அமர்ந்து பேச வாய்த்திருக்கும். ஆகவே நம் சுவர்களில் தொங்கும் படங்களிற் பல, வெளிச்சம் போதாத நேரத்தில் எடுத்தவை.

அத்தகைய படத்தைச் சட்டமிடும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால், நிழல் விழுந்த இடங்களில் மெல்லிய மணலைத் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றுவதைக் கவனித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் இதனை 'நாய்ஸ்' என்கிறார்கள். தமிழில் இரைச்சல் என்போம். கண்ணால் காணும் படத்துக்கு இரைச்சல் ஏது என்று கேட்கத் தோன்றும். அந்தப் பெயர் எத்துணைப் பொருத்தமானது என்பதையும், ஒரு டிஜிட்டல் காமிராவின் படம் தாளில் எவ்வளவு தாங்கும் என்பதை நாமே சோதித்தறியும் வழியையும் இன்று சொல்ல விரும்புகிறேன். நான் விஞ்ஞானம் பயின்றவன் அல்லன். கலைப் பட்டம் பெற்று, மைசூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணி புரிபவன். ஒரு பிழையைச் செய்துவிட்டு, அதனைத் திருத்தும் பொருட்டு இவற்றைக் கற்றுக்கொள்ள நேர்ந்தது.

அந்தப் பிழைக்குக் காரணமான படத்தை எடுத்த இடம் மாதேஸ்வரன் மலை. முன்னாளில் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1997-ஆம் ஆண்டு முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் அடங்கியுள்ள மலை அது. மைசூரிலிருந்து நரசிபுரம், கொள்ளேகால், ஹனூர் வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர் செல்ல வேண்டும். மறுபுறம் மேட்டூரிலிருந்து கொளத்தூர், பாலாறு வழியாக ஏறினால் அதில் பாதித் தொலைவுகூட இராது. எழுபத்தேழு மலைகளுக்கு உடையவர் என்று கன்னட நாட்டார் போற்றும் மாதேஸ்வரர், புலியை ஊர்தியாகக் கொண்டவர். அவருடைய வரலாற்றைக் கம்சாளெ என்னும் வெண்கலத் தாளத்தைக் கையில் ஏந்திக் கன்னடத்தில் பாடுகிறார்கள். பாட்டு கன்னடமாயினும், மலையேறி வருவோரில் தமிழரும் மிகுதி. சேலம், தருமபுரி, ஈரோடு வட்டாரங்களில் மாதையன், மாதப்பன், மாதம்மாள் என்னும் பெயர்கள் பரவலாக வழங்குவதே அவ்வுறவுக்குச் சான்றாகும்.

என் பெற்றோர் கொளத்தூர்ப் பக்கம் வாழ்ந்தவர்கள். நான் மைசூரில் இருப்பவன். எனவே ஆண்டுதோறும் தீபாவளி அமாவாசையை ஒட்டி இரு தரப்பினரும் மலைமேல் கூடுவது எங்கள் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு கூடியிருந்தபோது, மாலை மங்கிய வேளையில் என் தந்தையார் விடுதித் திண்ணையில் தூணில் சாய்ந்து அமர்ந்திருந்தார். தலைக்கு மேல் ஒரு சிறு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கோயிற் பக்கமிருந்து புலி வாகனம் வலம் வரும் மேள ஓசை கேட்டது. அவர் அந்தப் பக்கமாகத் திரும்பிப் புன்னகை செய்த கணத்தில் நான் காமிராவின் பொத்தானை அழுத்தினேன். அடுத்த தை மாதம் அவர் காலமானார். அதுவே அவருடைய கடைசிப் படமாயிற்று.

முதலாண்டுத் திதிக்கு அந்தப் படத்தை 18 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்ட தாளில் அச்சிட எண்ணினேன். கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன், முகமெங்கும் புள்ளிகள். மனம் கேட்கவில்லை. இரைச்சலை நீக்கும் மென்பொருள் ஒன்றில் இட்டு, புள்ளி ஒன்றுகூட மிஞ்சாதவாறு துடைத்தேன். அச்சுப்படி கண்ணைப் பறிக்கும் வண்ணம் வந்தது. ஊருக்கு எடுத்துச் சென்று அன்னையார் கையில் கொடுத்தேன். கண்ணாடியை அணிந்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இது உங்கப்பா இல்லே சாமி, அவராட்டம் வேறே யாரோ" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என் தந்தையாருக்குச் சிறு வயதில் பெரியம்மை கண்டது. இரு கன்னங்களிலும் அதன் தழும்புகள் நிலைத்திருந்தன. அன்னையார் வாழ்நாளெல்லாம் பார்த்துப் பழகிய முகம் அந்தத் தழும்புகளோடு கூடிய முகமே. நான் புள்ளிகளைத் துடைத்தபோது தழும்புகளையும் சேர்த்துத் துடைத்திருந்தேன்.

இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிய வேண்டுமானால், இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். டிஜிட்டல் காமிராவுக்குள், முன்பு பிலிம் இருந்த இடத்தில், சென்சார் எனப்படும் ஒளியுணரும் தகடு இருக்கிறது. அது இலட்சக்கணக்கான நுண்ணிய கட்டங்களாகப் பிரிந்துள்ளது. இக்கட்டங்களையே பிக்செல் என்கிறோம். ஒவ்வொரு கட்டமும் தன்மேல் விழும் ஒளித்துகள்களை மின்னூட்டமாக மாற்றுகிறது. கருவி அதனை அளந்து எண்ணாகக் குறித்துக்கொள்கிறது.

ஒளி சீராகப் பாய்கிறது என்றே நாம் கருதுகிறோம். உண்மையில் அது மழைத்துளிகள் போலத் தனித்தனியாக, முறையின்றி வந்து விழுகிறது. கோயிற் பிராகாரத்துக் கற்றளத்தில் தூறல் தொடங்கும் வேளையை நினைத்துப் பாருங்கள். ஒரு கல்லில் நாலு துளி விழும். அடுத்த கல்லில் ஒன்றே விழும். தளம் முழுவதும் புள்ளி புள்ளியாகத் தோன்றும். அதே மழை ஒரு நாழிகை பெய்துவிட்டால் எல்லாக் கற்களும் ஒரே சீராக நனைந்திருக்கும். இதற்குக் கணக்கும் உண்டு. ஒரு கட்டத்தில் சராசரியாக 10,000 ஒளித்துகள்கள் விழுமாயின், அதன் ஏற்றத்தாழ்வு வர்க்கமூலமாகிய 100 அளவில், அதாவது நூற்றில் ஒரு பங்காக, இருக்கும். 100 துகள்களே விழுமாயின் ஏற்றத்தாழ்வு 10 ஆகும். அது பத்தில் ஒரு பங்கு. வெளிச்சம் குறையக் குறைய இரைச்சல் தலைதூக்குவதற்குக் காரணம் இதுவே. இவ்வேற்றத்தாழ்வு கருவியின் குற்றம் அன்று, ஒளியின் இயல்பு. இதனோடு, கட்டங்களைப் படித்தெடுக்கும் மின்சுற்றும் தன் பங்குக்குச் சிறிது முணுமுணுப்பைச் சேர்க்கிறது. வெளிச்சம் மிகுந்த இடத்தில் அது புலப்படாது; இருண்ட இடத்தில் புலப்படும்.

வானொலி நேயர்களுக்கு இதனை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை. 1935-ஆம் ஆண்டு மைசூரில் உளவியற் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் இல்லத்தில் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தைத் தொடங்கி, அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயரிட்டார். பின்னாளில் நாடு முழுவதற்கும் வழங்கிய பெயர் அதுவே. அக்காலம் தொட்டுப் பல்லாண்டுகள், வெளி மாநிலங்களில் குடியேறிய நம் முன்னோர் இரவு நேரத்தில் மத்திய அலையில் ஒரு தமிழ் நிலையத்தைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள். நிலையம் தொலைவில் இருந்தமையால் குரல் மெலிந்து வரும். ஒலிக்குமிழைத் திருகினால் குரலும் பெருகும். கூடவே இரைச்சலும் பெருகும். காமிராவில் ஐ.எஸ்.ஓ. என்று குறிக்கப்படும் எண் அந்தக் குமிழைப் போன்றது. அதனை 100-இலிருந்து 6400-க்கு உயர்த்துவதால் ஒளி ஒரு துகளும் அதிகமாவதில்லை. கிடைத்த சிறிதளவு ஒளியின் அளவையே கருவி 64 மடங்கு பெருக்கிக் காட்டுகிறது. குரலோடு இரைச்சலும் பெருகுவது இயல்புதானே?

உண்மையில் ஒளியை மிகுதியாகச் சேர்க்கும் வழிகள் வேறு. லென்சின் துளையை அகலத் திறக்கலாம். ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கலாம். விளக்கின் அருகே ஆளை அமர்த்தலாம். பெரிய சென்சார் உள்ள கருவியைக் கையாளலாம். முழு அளவு எனப்படும் சென்சார் 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. ஏ.பி.எஸ்-சி எனப்படும் அடுத்த வகை ஏறத்தாழ 23.5-க்கு 15.6. பரப்பில் முன்னது பின்னதைப் போல் இரு மடங்குக்கும் மேல். அகலமான அண்டாவில் மழைநீர் அதிகம் சேர்வது போல, அதில் ஒளி அதிகம் சேர்கிறது. கைப்பேசிகளின் சென்சார் இவ்விரண்டினும் மிகச் சிறியது. இந்தத் துறையின் வளர்ச்சியும் வியப்புக்குரியதே. 1975-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கோடக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த டிஜிட்டல் காமிராவில் இருந்தவை 10,000 பிக்செல்கள் மட்டுமே. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஒலிநாடாவில் பதிய 23 வினாடிகள் ஆயின. இன்று எளிய காமிராவிலும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட பிக்செல்கள் உள்ளன.

இந்த மிகுதியே நம்மை ஒரு மயக்கத்தில் ஆழ்த்துகிறது. என் காமிராவின் படம் 6000 பிக்செல் நீளமும் 4000 பிக்செல் அகலமும் உடையது. மேசைமேல் உள்ள சாதாரணக் கணினித் திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 பிக்செல்கள் இருக்கும். படத்தை நூற்றுக்கு நூறு என்ற அளவில் திரையில் திறந்தால், ஐந்தடி நீளமுள்ள படத்தின் ஒரு துண்டை இரண்டடித் தொலைவில் இருந்து பார்க்கிறோம் என்பது பொருள். ஐந்தடிப் படத்தை எந்த வீட்டுச் சுவரில் மாட்டப் போகிறோம்? நான் திரையில் கண்டு பதைத்த புள்ளிகள், தாளில் எவருக்கும் தெரிந்திராத புள்ளிகள்.

தாளின் கணக்கு வேறு. கையில் பிடித்துப் பார்க்கும் தொலைவில், நல்ல பார்வையுள்ள கண், அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்கு மேல் பிரித்தறிவதில்லை. ஆகவே 6-க்கு 4 அங்குலத் தாளுக்கு 1800-க்கு 1200 பிக்செல்கள் போதும். என் காமிரா தருவது அதைப் போல் 11 மடங்கு. தாளில் ஒரு புள்ளி அமைய 11 பிக்செல்கள் ஒன்றுசேர்ந்து சராசரியாகின்றன; இரைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. சுவரில் மாட்டி ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கோ, அங்குலத்துக்கு 90 புள்ளிகளே போதுமானவை. இன்னொன்றும் உண்டு. தாளின் கறுப்புக்கும் வெளுப்புக்கும் இடையிலுள்ள வேற்றுமை ஒளிரும் திரையில் உள்ளதைவிடக் குறைவு. ஆதலால் திரையில் நிழலுக்குள் துள்ளித் தெரியும் புள்ளிகளிற் பல, தாளின் கருமையில் அடங்கிப் போகின்றன. படத்தைத் தாளுக்காக எடுத்தால், சோதனையையும் தாளிலேயே செய்தல் வேண்டும். இதுவே நான் கற்ற முதற் பாடம்.

இப்பாடத்தை உறுதி செய்துகொள்ள, அடுத்த ஆண்டு மலைக்குச் சென்றபோது, அதே திண்ணையில், அதே விளக்கின் கீழ் ஒரு சோதனை நடத்தினேன். ஒரு பலகையின் மேல் நான்கு பொருள்களை வைத்தேன். கறுப்புக் கம்பளி ஒன்று. இருளில் இரைச்சல் எவ்வளவு என்பதை அது காட்டும். விபூதித் தட்டு ஒன்று. வெண்மை அளவு மீறி வெளுத்துவிடுகிறதா என்று காட்டும். பேருந்துச் சீட்டு ஒன்று. சிறு எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று காட்டும். நான்காவது ஒரு குடகுக் கமலாப்பழம். அதன் தோலில் உள்ள நுண்குழிகள், அம்மைத் தழும்பு போலவே மெல்லிய நிழலால் மட்டும் புலப்படுபவை. காமிராவை முக்காலியில் பொருத்தி, துளையை எஃப் 2.8-இல் நிறுத்தி, எட்டுப் படங்கள் எடுத்தேன். ஐ.எஸ்.ஓ. 100-க்கு ஒரு வினாடி. 200-க்கு அரை வினாடி. இவ்வாறு எண்ணை இரட்டித்து நேரத்தைப் பாதியாக்கிச் சென்றால், 6400-க்கு அறுபதில் ஒரு வினாடியும் 12,800-க்கு 125-இல் ஒரு வினாடியும் வரும். எட்டுப் படங்களும் ஒரே வெளிச்ச அளவில் அமையும். இரைச்சல் மட்டும் மாறும்.

அருகில் அமர்ந்திருந்த என் சித்தப்பா பொறுமை இழந்து, "என்னப்பா, பழத்தையும் கம்பளியையும் இத்தனை தரம் எடுக்கிறே, மனுசனை எப்ப எடுப்பே?" என்று கேட்டார். அவரையும் அதே விளக்கின் கீழ் அமர்த்தி எடுத்தேன். அதில் ஓர் உண்மை தெளிவாயிற்று. ஐ.எஸ்.ஓ. 1600-இல் ஷட்டர் பதினைந்தில் ஒரு வினாடி திறந்திருந்தது. பேசிக்கொண்டே இருந்த அவருடைய வாயும் கண்ணும் கலங்கிப் போயின. 6400-இல் புள்ளிகள் இருந்தன; முகம் கூர்மையாக இருந்தது. அசைந்து கலங்கிய முகத்தை முழுமையாக மீட்டுத் தரும் வழி ஏதும் இல்லை. மணல் தூவிய முகத்தையோ வீட்டார் அனைவரும் அடையாளம் கண்டுகொள்வர். எனவே வீட்டுப் பெரியவர்களை விளக்கொளியில் எடுக்கும்போது, இரைச்சலுக்கு அஞ்சி ஐ.எஸ்.ஓ. எண்ணைக் குறைக்க வேண்டா. எண்ணைக் குறைத்து இருட்டாக எடுத்துவிட்டுப் பின்னர்க் கணினியில் தூக்கிக்கொள்ளலாம் என்று எண்ணுவதும் தவறாக முடியலாம். பல கருவிகளில் அவ்வாறு தூக்கிய நிழல், முறையாக 6400-இல் எடுத்த நிழலைவிட மோசமாகவே வருகிறது.

மைசூர் திரும்பியதும் இவற்றை அச்சிட்டேன். 18-க்கு 12 அங்குலத்தில் எட்டுப் படங்கள் போடுவது நம் போன்ற மாதச் சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகாது. அதற்கு ஓர் உபாயம் உண்டு. 6000 பிக்செல் நீளமுள்ள படத்தை 18 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 333 பிக்செல்கள் வரும். ஆகவே படத்திலிருந்து 2000-க்கு 1333 பிக்செல் கொண்ட ஒரு துண்டை வெட்டி 6-க்கு 4 தாளில் அச்சிட்டால், பெரிய படத்தின் ஒன்பதில் ஒரு பகுதி அதே அளவில் நம் கைக்கு வந்துவிடும். சிறு தாளின் செலவில் பெரிய தாளின் குணத்தை அறியலாம். இவ்வாறு எட்டுத் துண்டுகளை அச்சிட்டு, ஒவ்வொன்றின் பின்புறமும் ஐ.எஸ்.ஓ. எண்ணைப் பென்சிலால் குறித்து, சீட்டுக் கட்டு போலக் கலைத்து, வீட்டில் உள்ளவர்களிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னேன். எண் தெரிந்தவன் கண் நடுநிலையில் நில்லாது. ஆகையால் இச்சோதனையைப் படம் எடுத்தவர் செய்தல் ஆகாது.

அவர்கள் கண்ட முடிவு இது. 1600 வரை உள்ள படங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க அவர்களால் இயலவில்லை. 3200-இல் கம்பளியின் மடிப்புகளில் சற்றே வேற்றுமை தெரிந்தது. 6400-இல் கையில் வைத்துப் பார்க்கும்போது புள்ளிகள் தெரிந்தன. சுவரில் ஒட்டி ஒரு மீட்டர் தள்ளி நின்றால் மறைந்தன. 12,800-இல் கம்பளியின் கருமையில் சிவப்பும் பச்சையுமாகத் திட்டுகள் படர்ந்து, தள்ளி நின்றாலும் கண்ணை உறுத்தின. இது என் கருவியின் கணக்கு. உங்கள் கருவி இதனினும் சிறந்ததாக இருக்கலாம், குறைந்ததாகவும் இருக்கலாம். ஆனால் அதன் எல்லை எது என்பதை இப்படி ஒரு மாலைப் பொழுதில் கண்டறிந்துவிட்டால், பிறகு ஊருக்குப் போகும்போது தயக்கமின்றிப் படம் எடுக்கலாம்.

இனி, நான் செய்த பிழைக்கு வருகிறேன். 6400-இல் எடுத்த பழத்தின் படத்தை மூன்று வகையாக அச்சிட்டேன்: இரைச்சல் நீக்காமல் ஒன்று, பாதியளவு நீக்கி ஒன்று, முழுதும் நீக்கி ஒன்று. மூன்றாவதில் இருந்தது பழமன்று. ஆரஞ்சு நிற மெழுகு உருண்டை. இரைச்சல் நீக்கும் மென்பொருள், பக்கத்துப் பக்கத்துப் பிக்செல்களை ஒப்பிட்டு, சிறிய வேற்றுமை கண்ட இடத்தில் அதனை இரைச்சல் என்று முடிவு செய்து சமப்படுத்துகிறது. மங்கிய வெளிச்சத்தில் தோலின் குழியும் ஒரு சிறிய வேற்றுமையே. இரண்டையும் பிரித்தறிய எளிய மென்பொருளால் இயலாது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இயங்கும் இக்கால மென்பொருள்கள் இதனினும் திறமை வாய்ந்தவை. ஆயினும், அவை முன்பு பயின்ற எண்ணற்ற படங்களைக் கொண்டு, இல்லாத நுணுக்கத்தை ஊகித்து நிரப்பவும் கூடியவை. இலைக்கும் சுவருக்கும் அந்த ஊகம் குற்றமில்லை. தந்தையின் முகத்தை ஊகத்துக்கு விடலாமா? மூலத்தில் கரடுமுரடாக இருக்கும் வாக்கியத்தை வழவழப்பாக்கிவிட்டால், படிக்கச் சுகமாக இருக்கும், சொன்னவர் குரல் இராது என்பது மொழிபெயர்ப்பு மேசையில் நான் நாள்தோறும் காண்பது. அதனை அறிந்தும் படத்தில் அதே தவற்றைச் செய்தேன்.

மாதேஸ்வரன் மலைக் காடு 2013-ஆம் ஆண்டு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 906 சதுர கிலோமீட்டர். அங்கே சிறுத்தைகளை எண்ணுவதற்கு, விலங்கு கடந்து செல்லும்போது தானே படம் பிடிக்கும் காமிராக்களைக் காட்டுத் தடங்களில் பொருத்தியிருக்கிறார்கள். வரிகளைக் கொண்டு புலிகளைத் தனித்தனியே அடையாளங்கண்டு கணக்கிடும் முறையை நாகரஹொளெக் காட்டில் ஆராய்ந்து உல்லாஸ் காரந்த் 1995-இல் வெளியிட்டார். சிறுத்தைக்கு அதன் உடற்புள்ளிகளே அடையாளம். நள்ளிரவில் பதியும் அப்படங்களில் அழகை எவரும் எதிர்பார்ப்பதில்லை. இது எந்தச் சிறுத்தை என்று சொல்ல முடிகிறதா என்பதே கேள்வி. நம் வீட்டுப் பெரியவர் படத்தையும் முதலில் அந்த அளவுகோலால் அளப்பது நன்று.

அப்படியானால் இரைச்சலை ஒன்றுமே செய்யக் கூடாதா என்று கேட்கலாம். செய்யலாம், வகையறிந்து செய்தல் வேண்டும். இரைச்சல் இரு வகைப்படும். ஒன்று நிறத்தின் இரைச்சல். கம்பளியில் கண்ட சிவப்பும் பச்சையுமான திட்டுகள் அவ்வகை. மற்றொன்று வெளிச்சத்தின் இரைச்சல். அது பழைய பிலிமின் மணிகளைப் போன்று வெறும் கறுப்பு வெளுப்புத் துகள்களாகத் தெரிவது. நம் கண் நிறத்தின் நுணுக்கங்களை அவ்வளவாகப் பிரித்தறிவதில்லை. ஆகையால் நிறத்தின் இரைச்சலைப் பெரும்பகுதி நீக்கினாலும் முகம் கெடாது. வெளிச்சத்தின் இரைச்சலிலேதான் தோலும் சுருக்கமும் தழும்பும் கலந்திருக்கின்றன; அதில் கை வைக்கும்போது மிகச் சிறிதளவே வைக்க வேண்டும். படம் மிகவும் கெட்டிருந்தால் நிறத்தையே நீக்கிக் கறுப்பு வெள்ளையாக அச்சிடலாம். தமிழ் எழுத்தாளர் அ. மாதவையாவின் மைந்தரும் இயற்கை ஆய்வாளருமான மா. கிருஷ்ணன், வண்ணப் பிலிம் பரவிய பின்னரும் தென்னகக் காடுகளின் யானைகளைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்து வந்தார். பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்துக்கொண்ட காமிரா அவருடையது. அத்தகைய படங்களின் மணிகளை நாம் குறையாகக் கருதுவதில்லை. படத்தின் உடம்பாகவே ஏற்றுக்கொள்கிறோம்.

அச்சிடும் கடையிலும் சில செய்திகளைச் சொல்லிவிடுதல் நலம். பல இடங்களில் இயந்திரம் தானாகவே படத்தை வெளிச்சமாக்கி, கூர்மைப்படுத்தி, நிறத்தைத் திருத்திவிடும். கூர்மைப்படுத்தும்போது புள்ளிகளும் கூர்மையாகிவிடும். ஆகவே 'கரெக்‌ஷன் வேண்டாம், உள்ளபடி போடுங்கள்' என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக் கணினித் திரையை மிகுந்த ஒளியில் வைத்துப் படத்தைச் சீர் செய்தால், தாளில் இருட்டாகவே வரும். திரையின் ஒளியைக் குறைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். பளபளப்பான தாளைவிட மங்கல் தாளில் புள்ளிகள் அடங்கித் தெரியும். ஆனால் நிழலின் ஆழம் சற்றுக் குறையும். முதலில் சிறு துண்டு ஒன்றை அச்சிட்டு, வீட்டில் படம் மாட்டப் போகும் சுவரிலேயே ஒட்டி, பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பார்த்துவிட்டுப் பெரிய தாளுக்குப் போங்கள்.

நான் என் தந்தையாரின் படத்தை மறுபடியும் எடுத்தேன். மூலக் கோப்பு அழியாமல் இருந்தது என் பேறு. நிறத்தின் இரைச்சலை மட்டும் நீக்கினேன், மற்றதைத் தொடவில்லை. கன்னங்களில் புள்ளிகளும் இருந்தன; அவற்றுக்கிடையே தழும்புகளும் இருந்தன. மங்கல் தாளில் அச்சிட்டு, சட்டமிட்டு, கொளத்தூருக்கு எடுத்துச் சென்றேன். அன்னையார் வாங்கிப் பார்த்தார். இம்முறை ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து உள்ளே சென்று, ஒரு ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார்.

நேயர்களே, அடுத்த பண்டிகைக்கு ஊருக்குப் புறப்படுவதற்கு முன் ஒரு மாலையில் இச்சோதனையைச் செய்து பாருங்கள். கறுப்புத் துணி ஒன்று, கமலாப்பழம் ஒன்று, எட்டுச் சிறு தாள்கள், இவ்வளவே தேவை. உங்கள் கருவியின் எல்லை தெரிந்துவிடும். பிறகு ஊரில், திண்ணை விளக்கின் கீழ், உங்கள் பெரியவர் ஏதோ ஓசை கேட்டுத் திரும்பிப் புன்னகைக்கும்போது, வெளிச்சம் போதாது என்று காமிராவைக் கீழே வைத்துவிடாதீர்கள். தொலைவிலிருந்து வந்த தமிழ்க் குரலை இரைச்சலோடு கேட்டு மகிழ்ந்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். சிறிது இரைச்சலோடு ஒரு முகத்தைச் சுவரில் ஏற்றுவதில் நமக்குக் குறைவொன்றும் இல்லை.